உங்களுக்குச் சுற்றிய பச்சைத் துணி

லாத்தா,

ஆட்டோகிளேவ் கதவைத் திறந்தேன். ஆவியில் வெந்த துணியின் வாடை. கஞ்சி வடிக்கும் அடுப்படி போல. பழக்கத்தில் எதிரே உங்கள் ஸ்டூலைப் பார்த்துவிட்டேன்.

அக்கா என்றால் திரும்பமாட்டீர்கள். லாத்தா என்றால்தான்.

ஆஸ்பத்திரியில் ஜன்னல் இல்லாத அறை நம்முடையது. அறுவைக் கருவிகளைச் செட் செட்டாகப் பச்சைத் துணியில் சுற்றி, ஆவியில் வைத்து, ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்புவோம். திரும்பி வரும் துணியை வெளுத்து மறுபடி சுற்றுவோம். யார் வயிற்றுக்கு, யார் காலுக்கு, தெரியாது. ஒட்டும் டேப்பில் சுற்றியவர் பெயரின் முதல் எழுத்து மட்டும் போகும்.

நமக்கு நடுவில் விளக்கு மேசை. கண்ணாடி மேல் துணியை விரித்தால் ஊசிமுனை ஓட்டையும் வெளிச்சமாகும். ஓட்டை வழியே கிருமி நுழையும். அந்தத் துணி ஆகாது. கண்டதும் கத்துவீர்கள்: "பிறை தெரிஞ்சிடுச்சு!"

"அப்ப நாளைக்குப் பெருநாளா லாத்தா? பிரியாணி உண்டா?"

"மொதல்ல நீ சுத்துறதப் பாரு. செட்டா அது? பிரியாணிப் பொட்டலம்."

பிறகு உங்கள் கர்ப்பப்பையில் கட்டி. இதே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். கட்டிக்கு நீங்கள் பயப்படவில்லை. சர்க்கரை உடம்பு, தையல் சீழ் பிடித்தால் ஆறாதே என்றுதான் பயம். முந்தின நாள் மேசையருகே வந்து நின்றீர்கள்.

"என் செட்ட நீயே சுத்து புள்ள."

"பொட்டலம்னீங்களே?"

"சொன்னேன்தான். இருந்தாலும் நீயே சுத்து."

விளக்கின் மேல் துணியைத் திருப்பித் திருப்பிப் போட்டேன். ஒரு புள்ளி வெளிச்சம் இல்லை. மூலைகளை மடித்தேன். பிரிக்கும் கை உள்ளே படாமலிருக்க, கடைசி மூலையின் நுனியை வெளியே விட்டேன். டேப்பில் என் எழுத்தைப் போடுமுன் பேனா நின்றது. அதுவரை அது வெறும் எழுத்து.

தையல் பிரித்த அன்று வார்டுக்கு ஓடிவந்தேன். "பாரு, ஒரு சொட்டு சீழ் இல்ல" என்றீர்கள். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு டேப் துண்டை எடுத்தீர்கள். ஆவி பட்டுக் கறுத்த கோடுகள். நடுவே என் எழுத்து. நர்சிடம் சொல்லிவைத்து வாங்கியது.

அந்த வருடப் பெருநாளுக்கு உங்கள் மகன் துபாயிலிருந்து வந்தார். அவர் கையில் எனக்குப் பிரியாணி கொடுத்தனுப்பினீர்கள். வாழையிலை, மேலே காகிதம். மூலைகள் மடித்து, நுனி வெளியே. டேப்பில் உங்கள் எழுத்து. பிரிக்க மனம் வரவில்லை. பசி பிரிக்க வைத்தது.

அடுத்த பெருநாளுக்கு நீங்கள் இல்லை. நெஞ்சுவலி. ஆபரேஷன்வரை போகவில்லை; அதில் நம் அறைக்கு வேலையே இருக்கவில்லை.

இன்று ஒரு துணியின் ஓரத்தில் வெளிச்சம் கசிந்தது. "பிறை" என்றேன், சத்தமாக. உங்கள் ஸ்டூலில் இருக்கும் புதுப் பெண் புரியாமல் விழித்தாள். துணியை ஒதுக்கினேன். வேறொன்றை விரித்தேன். மடித்தேன். யாருக்கோ.

எழுத்தைப் போடுமுன் கை ஒரு கணம் நிற்கிறது, லாத்தா. உங்கள் செட்டுக்குப் பிறகு எல்லாச் செட்டுக்கும் நிற்கிறது.