காய்ந்த குச்சிகள்

அன்புள்ள குட்டிமாவுக்கு,

இங்கே அப்பாவும் தம்பியும் நானும் சுகம். நீயும் தெம்பாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன், திட்டு வாங்கத் தெம்பு வேண்டும். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, தம்பி இன்னும் இரண்டு தடவை பல் டாக்டரிடம் போக வேண்டும். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

நம் ஊர் மலையின் பின்சரிவைக் கல்குவாரிக்குக் கேட்டிருக்கிறார்களே, அதற்கான ஆய்வறிக்கையை நகராட்சி வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். என்னோடு நாற்றுப்பண்ணையில் வேலை செய்யும் தோட்டக்காரர் வந்து, அக்கா, கடைசிப் பக்கத்துல உங்க பொண்ணு பேரு இருக்கே என்றார். வேறு யாராவதாக இருக்கும் என்று சிரித்துக்கொண்டே போனேன். உன் கையெழுத்தேதான். காய்ந்த குச்சிகள் தவிரக் குறிப்பிடத்தக்க தாவரம் ஏதுமில்லையாம். கோடை உச்சியில் ஒரே ஒரு நாள் வந்து, வீட்டை எட்டிக்கூடப் பார்க்காமல் போனவள் எழுதியது. அந்தச் சரிவில் மட்டுமே முளைக்கும் சிமிழ்ப்பூச் செடி வெயில் காலத்தில் இலை உதிர்த்துக் குச்சியாகத்தான் நிற்கும் என்று உனக்குத் தெரியாதா? கல்லூரியில் அதைப் பற்றி இருபது பக்கம் எழுதிப் பரிசு வாங்கியது யார், பக்கத்து வீட்டுக்காரியா? போனில் கேட்டால், அன்னிக்கு அப்படித்தாம்மா இருந்துச்சு, நான் என்ன பொய்யா எழுதினேன்? என்கிறாய். தெரிந்ததை விழுங்கிவிட்டு என்னிடமே சாமர்த்தியம் பேசாதே. உன் ஆய்வுக் கம்பெனி மேனேஜர் வேறு, நாலு செடியைத் தொட்டியில வச்சுக் காப்பாத்திடலாம், அம்மா கைராசிக்காரங்களாச்சே என்றாராம். மூன்று வருடம் விதை போட்டுப் பார்த்த கை இது. நாலு இலை விடும், செத்துப்போகும். அந்தச் சரளை மண்ணை விட்டால் அதற்குப் போக்கிடம் கிடையாது.

போன வாரம் மழை பெய்தது. ஞாயிற்றுக்கிழமை ஏறிப்போய் எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு செடி, அத்தனையும் பூ. படம் எடுத்திருக்கிறேன்.

பதினான்காம் தேதி காலை பத்து மணிக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம். அதற்குள் அறிக்கை தவறு என்று நீயே எழுதிக் கொடுத்துவிடு. அவ வேலைக்கு உலை வச்சிடாதே என்று அப்பா கெஞ்சுகிறார். எனக்கும் பயம்தான். வேலை போனால் வீட்டுக்கு வா, உன் கட்டில்மேல் குவிந்திருக்கும் துணியை எடுத்துவிடுகிறேன், வேறு வேலை தேடலாம். நீ எழுதாவிட்டால் நான் எழுந்து நிற்பேன். இதில் கையெழுத்துப் போட்டவளைப் பெற்றவள் நான், அவளுக்கு இந்தச் செடி நன்றாகத் தெரியும் என்றுதான் ஆரம்பிப்பேன்.

நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு. பதினான்காம் தேதி, மறக்காதே.

கோபம் ஆறாத,
உன் அம்மா