பகலில் குட்டிக்கு யார் துணை?

இன்று காலை வராந்தாவில் நம் நாய் பொம்மி மறுபடியும் ஈரம் செய்துவிட்டது. வயசாகிவிட்டது, அதைத் திட்டி என்ன ஆகப்போகிறது? துடைக்கிற அவசரத்தில் நான்தான் பினாயிலைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிட்டேன். வீடு முழுக்க நெடி. மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்ததும் உன் பேச்சு ஞாபகம் வந்தது. "இவ்வளவு பினாயில் அடிக்குதுன்னா, எதையோ மறைக்கறாங்கன்னு அர்த்தம்."

நான் மத்தூர்க்காரன். எங்கள் ஊரில் நாய் தானாக வரும், களத்தில் படுக்கும், மிச்சச் சோறு தின்னும். நாயைக் காசு கொடுத்து வாங்குவார்களா என்று உன்னைக் கேலி செய்தவன். ஆனாலும் கல்யாணமாகி இருபது வருஷம் பிள்ளையில்லாத வீட்டில், ஷிப்ட் முடிந்து வந்து நீ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தன் மூங்கில் கூடையில் வெள்ளைக் குட்டிகள் வைத்திருந்தான். "பாமரேனியன் சார், பெங்களூர் குட்டி" என்றான். ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்து வந்து உன் மடியில் போட்டேன்.

ஐந்தாம் நாள் அது உன் மடியிலேயே செத்துப்போனது. முந்தின நாள் கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "பால்குடி மறக்காத குட்டியாச்சே, இதோட தாயைப் பாத்தீங்களா?" நான் கூடையைத்தான் பார்த்தேன் என்றேன். நீ என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்துவிட்டு, "இனிமே இந்த வீட்டுக்கு நாயும் வேணாம், பூனையும் வேணாம்" என்றாய்.

அப்படிச் சொன்னவள்தான் நாலைந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை புடவை மாற்றிக்கொண்டு, "ஏங்க, பாகலூர் ரோட்ல ஒரு வீட்ல குட்டி இருக்காம், தாயைப் பாத்துட்டு வருவோம்" என்றாய். இன்னொரு குட்டியைப் புதைக்க உனக்குத் தெம்பில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் நானும் கூட வந்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, போலீஸ் வேலைக்கே போயிருக்கலாம் நீ! அந்த வீட்டு முன்னறையில் குட்டிகள் பவுடர் போட்ட மாதிரி இருந்தன. பினாயில் நெடி மட்டும் தாங்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டுவிட்டு, எடுத்து வருவதற்குள் நீயே அவர்கள் பின்னால் கொல்லைக்குப் போய்விட்டாய். ஒரே பெட்டிக்குள் நாலு தாய் நாய், எலும்பும் தோலுமாக. தண்ணீரைக் குடிக்காமலே திரும்பி வந்தாய்.

அடுத்த வாரம் இன்னொரு வீடு. தாயைக் காட்டுங்கள் என்றதும் அந்த ஆள் உள்ளேயிருந்து கொழுகொழுவென்று ஒன்றைத் தூக்கி வந்தான். நீ அதை வாங்கித் தூக்கிப் பார்த்தாய். "ஏண்ணா, இது ஆம்பளையாச்சே!" பஸ்ஸில் வரும்போதுகூட எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நீ சிரிக்கவில்லை.

மத்திகிரியில் ஒரு அம்மா வீட்டில்தான் நமக்கு நேர்மாறாக நடந்தது. கன்னடக்காரர். தாய் நாயே வாசலுக்கு வந்து நம்மைப் பார்த்துக் குரைத்தது. அடுப்படி மூலையில் பழைய சேலைமேல் மூன்று குட்டிகள். நீ கேள்வி கேட்க வாயெடுப்பதற்குள் அந்த அம்மா ஆரம்பித்துவிட்டார். எங்கே வேலை, எத்தனை மணிக்குப் போவீர்கள், எப்போது வருவீர்கள்? கடைசியில், "ரெண்டு பேரும் கம்பெனிக்குப் போனா, பகல்ல குட்டிக்கு யார் துணை?" என்றார். "பேடாம்மா, வேணாம்மா, நான் கொடுக்கல" என்று கதவு வரைக்கும் வந்து வழியனுப்பிவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! "பொண்ணு கேக்க வந்தவன விசாரிக்கற மாதிரி விசாரிக்கறாங்க" என்று பஸ்ஸில் கத்தினேன். மாதக்கணக்கில் சிரிக்காத நீ அன்றைக்குத்தான் சிரித்தாய்.

"வாங்கினா இந்தம்மாகிட்டதான் வாங்கணும்."

"அவங்கதான் கொடுக்க மாட்டேங்கறாங்களே!"

"அதனாலதாங்க."

சூப்பர்வைசரிடம் கெஞ்சி நான் நிரந்தரமாக மதியம் இரண்டு மணி ஷிப்ட் வாங்கினேன். உனக்கு காலை ஆறு மணி ஷிப்ட். பஸ் நிறுத்தத்தில் சாவியைக் கைமாற்றிக்கொள்ளும் நேரம்தான் நாம் பேசிக்கொள்கிற நேரம் என்று ஆனது. அதைப் போய்ச் சொன்னோம். அந்த அம்மா கேட்டுவிட்டு, குட்டிக்கு இரண்டு மாதம் முடியட்டும் என்று இன்னும் மூன்று வாரம் காக்கவைத்தார். ஊசி போட்ட சீட்டோடு பொம்மியை உன் கையில் கொடுக்கும்போது ஒன்று கேட்டார். "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா இது எங்க போகும்?"

நீ யோசிக்கவே இல்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. "இவர் இருக்காருங்க" என்றாய். அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினேன்.

போன ஆடியில் நீ போய்விட்டாய். காரியத்துக்கு வந்த உன் தம்பி நல்ல மனசோடுதான் கூப்பிட்டான். "மாமா, தனியா என்ன செய்வீங்க? சிங்காரப்பேட்டைக்கே வந்துருங்க. பேத்திக்கு நாய் மயிரு ஒத்துக்காது, அதை மட்டும் எங்கியாவது விட்டுருங்க" என்றான். கம்பெனி வேலையும் முடிந்துவிட்டது, எனக்கும் போக ஆசைதான். இந்த வீட்டில் ஒரு வேளை சமைத்து இரண்டு வேளை தின்கிறேன், யாரிடம் பேசுவது? ஆனால் வாயில் வந்தது அந்த மத்திகிரி அம்மாவின் வார்த்தை. "பேடாப்பா" என்றேன். அவனுக்கு வருத்தம்தான்.

வராந்தாவை மறுபடியும் வெறும் தண்ணீரால் கழுவிவிட்டேன். இனிமேல் வாளிக்கு ஒரு மூடி பினாயில்தான். பொம்மி வெயிலில் படுத்திருக்கிறது. பகலில் அதற்கு நான் இருக்கிறேன்.