வெள்ளிக்கிழமை லிஃப்டில் ஏறாதீர்கள்

மார்ச் 3, செவ்வாய்

பயந்தாங்கொள்ளி டிராயிங் வாத்தியாருக்கு,

நலமா? நலமாகவே இருக்க வேண்டுமென்றால், வெள்ளிக்கிழமை உங்கள் அண்ணனின் ஓட்டல் லிஃப்டில் ஏறாதீர்கள்.

என் அண்ணன் அந்த லிஃப்டுக்கு அடியில் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தபோது, விருந்தாளி காத்திருக்கிறார் என்று மெயின் சுவிட்சைப் போட்டு அவனைக் கொன்றவர் உங்கள் அண்ணன். கோர்ட் அதை விபத்து என்றது. அந்த லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையை நான் கேட்டு வாங்கியது சம்பளத்துக்காக இல்லை, உங்கள் அண்ணன் அதில் ஏறும் ஒரு வெள்ளிக்கிழமைக்காக. ஒருநாள் லிஃப்ட் பாதியில் நின்று, உள்ளே மாட்டிக்கொண்டு அழுத உங்களை வெளியே இழுத்ததும், உங்களிடம் மனதைப் பறிகொடுத்ததும்தான் கணக்கில் இல்லாதவை.

போலீசில் காட்டினாலும் காட்டுங்கள். எனக்குப் பயமில்லை.

லிஃப்டுக்காரி

மார்ச் 4, புதன்

என் முன்கோபிக்கு,

உன் கடிதத்தை எரித்துவிட்டேன். இன்று முதல் அண்ணன் லிஃப்டில் ஏறும்போதெல்லாம் நானும் ஏறுகிறேன். "என்னடா, வாலு மாதிரி ஒட்டிக்கிட்டே வர்ற?" என்கிறார். எனக்கோ கதவு மூடினாலே உயிர் போய் உயிர் வருகிறது.

அவர் செய்தது கொலைதான், மறுக்கவில்லை. ஆனால் அப்பா போனபிறகு எனக்குச் சோறு ஊட்டியது அந்தக் கைதான். வெள்ளிக்கிழமையும் ஏறுவேன். அப்புறம் உன் இஷ்டம்.

உன் வாத்தியார்

மார்ச் 7, சனி

பிடிவாதக்கார வாத்தியாருக்கு,

நேற்று மெஷின் ரூமிலிருந்து கேமராவில் பார்த்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு அவர் கையைப் பிடித்திருந்தீர்கள். எனக்குக் கை ஓடவில்லை. ஆத்திரத்தில் அழுதேன். வேலையை விட்டுவிட்டேன்.

அதற்காக அவரைச் சும்மா விடுவேன் என்று நினைக்காதீர்கள். அவருக்கு மனைவியில்லை, பிள்ளையில்லை, நீங்கள்தான் எல்லாம். அவர் என் அண்ணனைப் பறித்தார். நான் அவர் தம்பியைப் பறிக்கிறேன். என்னோடு வந்துவிடுங்கள். திரும்ப அந்த வாசலை மிதிக்கக் கூடாது, போனில்கூடப் பேசக் கூடாது. ஏன் போகிறீர்கள் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வாருங்கள். அவர் துடிக்க வேண்டும்.

லிஃப்டுக்காரி

மார்ச் 9, திங்கள்

என் கண்ணுக்கு,

சாப்பிடும்போது சொன்னேன். "யாருடா அவ?" என்றார். "லிஃப்ட்ல செத்தவனோட தங்கச்சி" என்றேன். சோற்றில் வைத்த கையை எடுக்கவே இல்லை. "போயிட்டு வா" என்று சொல்ல வந்தவர், "போடா" என்று நிறுத்திக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. இன்று பார்த்தேன்.

நீ கேட்டது முழுசாகக் கிடைத்துவிட்டது. இதை உன் கதவிடுக்கில் சொருகிவிட்டு, தெருமுனை பஸ் நிறுத்தத்தில் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறேன். பழி தீர்ந்தாச்சு, அதற்கு இனி நான் தேவையில்லை. அதற்குப் பிறகும் நான் வேண்டுமென்றால் மட்டும் வா.

வாத்தியார்