மூன்று பித்தளைக் கூடுகள்

பிப்ரவரி 3

அன்புள்ள நூபேவுக்கு,

நான் நலம். நீயும் சிசாவும் உன் அக்கா வீட்டில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன் என்றாய், இரண்டு வாரம் ஓடிவிட்டது. குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொல்லி வைக்கிறேன். உன் வீட்டுக் குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்க, நூல்போலத் தண்ணீர் விட்டு வைத்திருக்கிறேன்.

நேற்று மாநிலப் புலனாய்வாளர்கள் வந்தார்கள். மத்தியக் குடியேற்றக் காவலன் ஒருவன் உன் எஃப்ராயினைச் சுட்ட அன்றைக்கே வந்தவர்களை, அவனுடைய ஆட்கள் தெருமுனையிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார்களே, அவர்களேதான். இப்போது நீதிபதியின் உத்தரவோடு வந்திருக்கிறார்கள். எஃப்ராயினின் வண்டியைக் கண்ணில் காட்டக்கூட அந்தக் காவலர்கள் மறுக்கிறார்களாம். தலைமை அதிகாரி ஒரு பெண், கோரா வெண்ட்ஸ் என்று பெயர். குளிரில் காதெல்லாம் சிவந்துவிட்டது அவளுக்கு.

"வண்டி தன் மேல ஏத்த வந்துச்சுன்னு சுட்ட ஆளு சொல்றான். முன்னால நின்னானா, பக்கத்துல நின்னானா, அது தெரிஞ்சா போதும்மா. சுட்டதும் தெறிச்சு விழுற பித்தளைக் கூடு எங்க கிடந்துச்சுன்னு தெரிஞ்சா சொல்லிடலாம்," என்றாள்.

நாள் முழுக்கத் தேடினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. சூடாக சூப் கொடுத்து அனுப்பினேன். உடம்பைப் பார்த்துக்கொள். சிசாவுக்கு முத்தம்.

அன்புடன்,
பக்கத்து வீட்டு ஆர்லிஸ்


பிப்ரவரி 19

அன்புள்ள ஆர்லிஸ் அம்மாவுக்கு,

எழுதாததற்குக் கோபிக்காதீர்கள். பேனாவை எடுப்பதும் வைப்பதுமாகவே நாள் ஓடிவிட்டது. சிசா இங்கே பள்ளிக்கூடம் போகிறாள். மஞ்சள் பேருந்தைப் பார்த்தால் "ஆர்லிஸ் பாட்டி ஓட்டின மாதிரி இந்த டிரைவர் ஓட்டல" என்கிறாள். நீங்கள் அவித்துக் கொடுத்த உருளைக்கிழங்கு மாதிரி இங்கே இல்லை என்று என்னோடு சண்டை வேறு.

கோரா என்னிடமும் பேசினாள். நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்ததைச் சொன்னேன். சுட்டவன் வண்டிக்குப் பக்கவாட்டில், மேப்பிள் மரத்தை ஒட்டி நின்றான். வண்டி அவனைத் தாண்டிப் போன பிறகுதான் சுட்டான். ஆனால் பெண்டாட்டி சொல்வதைப் பெண்டாட்டி சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார்களாம்.

அந்தப் பாவிகள் பனியைக்கூட விட்டுவைக்கவில்லை, பார்த்தீர்களா? என் புருஷனின் ரத்தத்தோடு சேர்த்து மொத்தத்தையும் வழித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்க்கிறேன், தெரு கழுவிவிட்டது போல இருக்கிறது. தடயத்தை அழித்தவர்கள் விளங்குவார்களா? புழுத்துத்தான் போவார்கள்.

உங்கள்,
நூபே


மார்ச் 2

அன்புள்ள நூபே,

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். அந்தச் சாபம் என் மேல்தான் விழ வேண்டும். பனியை அள்ளியது அவர்கள் இல்லை, நான்தான்.

வண்டியை இழுத்துக்கொண்டு, தெருவை மறித்துக் கட்டியிருந்த நாடாவையும் சுருட்டிக்கொண்டு அவர்கள் இரண்டு மணிக்கே போய்விட்டார்கள். பள்ளிப் பேருந்து மூன்று பத்துக்கு வரும். இருபத்தாறு வருஷம் அதை ஓட்டியவள் நான். சிசா சரியாக அந்த இடத்தில்தான் இறங்குவாள். அவளுடைய அப்பாவின் ரத்தம் அங்கே உறைந்து கிடந்தது. வேறென்ன செய்வேன்? மண்வெட்டியால் அள்ளி என் கொல்லையில் கொட்டினேன். மிச்சத்தை வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்பைத் தூவினேன். அவள் இறங்கி, "பாட்டி, இங்க மட்டும் ஏன் தரை தெரியுது?" என்று கேட்டாள். அவ்வளவுதான்.

குழந்தைக்காகச் செய்தேன், நூபே. தடயம், புலனாய்வு எதுவும் என் மண்டையில் ஏறவே இல்லை. கோராவிடம் இதைச் சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

உன்,
ஆர்லிஸ்


மார்ச் 15

ஆர்லிஸ் அம்மா,

கடிதத்தைப் படித்தேன். பிறகு அழுதேன். கோபத்தில் இல்லை. நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். என் பிள்ளையின் கண்ணில் அது படாமல் காப்பாற்றினீர்கள். என் சாபத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறைக்காதீர்கள். மண்வெட்டியில் எதுவும் தட்டுப்படவில்லையா? பேருந்தின் கடைசி இருக்கையில் எந்தப் பிள்ளை முணுமுணுத்தாலும் கேட்கும் காது உங்களுடையது. பித்தளை இரும்பில் பட்டால் கேட்காமலா இருக்கும்? கூடு எங்கே கிடந்தது என்று நீங்கள் சொன்னால் போதும். நீங்கள் பெண்டாட்டியும் இல்லை, வெளிநாட்டுக்காரியும் இல்லை. நீங்கள் சொன்னால் அவர்கள் நம்பித்தான் ஆக வேண்டும்.

உங்களை நம்பியிருக்கும்,
நூபே


ஏப்ரல் 20

நூபே,

இதை எழுத ஒரு மாதம் ஆனது.

தட்டுப்பட்டது. மூன்று கூடுகள். மேப்பிள் மரத்தடியில்தான் கிடந்தன, நீ சொன்ன அதே இடம். எடுத்துக் காபி டப்பாவில் போட்டு வைத்தேன்.

மறுநாள் காலையில் குடியேற்றக் காவலர்கள் இரண்டு பேர் கதவைத் தட்டினார்கள். தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். "அம்மா, தெருவைச் சுத்தம் பண்ணினீங்களாமே. ஏதாச்சும் கிடைச்சுதா?" என்று கேட்டார்கள். அன்றைக்குக் குளிர் பூஜ்யத்துக்கு இருபது கீழே. வாசலில் நிற்க வைக்க மனம் வரவில்லை. உள்ளே கூப்பிட்டேன், காபி கொடுத்தேன், பேரீச்சம்பழக் கேக்கும் கொடுத்தேன். கேட்டார்கள், டப்பாவோடு தூக்கிக் கொடுத்தேன். ரசீது கேட்பது மரியாதையாகப் படவில்லை. போகும்போது மிச்சக் கேக்கைப் பொட்டலம் கட்டியும் கொடுத்தேன், கேட்டுக்கொள்.

அரசாங்கம்தானே, இந்தக் கை வாங்கினால் அந்தக் கைக்குப் போய்ச் சேரும் என்று நினைத்தேன். பிப்ரவரியில் கோரா என் படியில் நின்று அதையே தேடுகிறேன் என்றபோதுதான் உறைத்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். இந்தக் கிழவி எவ்வளவு மடச்சி என்று அவளுக்குத் தெரிந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டு சூப்பை ஊற்றினேன். பனியை அள்ளியதைச் சொன்னபோதும் இதை விழுங்கிவிட்டேன்.

நேற்று கோராவிடம் போய் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் அவர்களைக் கேட்டாளாம். அப்படி எதையும் வாங்கவில்லை, இந்தத் தெருவுக்கே மறுநாள் யாரும் வரவில்லை என்கிறார்களாம்.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

ஆர்லிஸ்


ஜூன் 11

திருமதி ஆர்லிஸ் ஷெல்ஸ்டாட் அவர்களுக்கு,

மாநில அரசு வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்தது. அந்த ஆள் மேல் வழக்குப் போடப்போவதில்லை. கூடுகள் இல்லை. மூன்று மாதம் கழித்து வாயைத் திறந்த சாட்சியை நீதிமன்றத்தில் ஐந்து நிமிஷத்தில் கிழித்துவிடுவார்கள் என்கிறார். கோரா தொலைபேசியில் அழுதாள். "ஆர்லிஸ் அம்மா பிப்ரவரி ரெண்டாம் தேதியே சொல்லியிருந்தா வழக்கை நான் எங்கயோ கொண்டு போயிருப்பேன்," என்றாள்.

பனியை அள்ளியதற்கு உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அது அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் என் புருஷனைக் கொன்றவர்களின் ஆட்களிடம் ஒரு சீட்டு எழுதித் தரச் சொல்ல உங்களுக்குக் கூச்சம். கோராவிடம் உண்மையைச் சொல்ல வெட்கம். நீங்கள் கெட்டவர் இல்லை, அது எனக்குத் தெரியும். கெட்டவராக இருந்திருந்தால் வெறுத்துத் தொலைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

வீட்டுச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். சாமான்களை அவர் தூக்கிப் போட்டாலும் சரி. இனிமேல் எழுத வேண்டாம், வந்தால் பிரிக்க மாட்டேன்.

இந்த உறைக்குள் வைக்கச் சொல்லி சிசா உங்களுக்காக ஒரு படம் வரைந்து கொடுத்தாள். வைத்துவிட்டதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன். வைக்கவில்லை.

நூபே குவாமான்