செண்பகம் தெருவைத் தேடிய ஆம்புலன்ஸ்

என் தனம் அக்காவுக்கு,

'அன்புள்ள' என்று ஆரம்பித்தால் நீ சிரிப்பாய். "இன்னாடி, ஆபீசுக்கு லெட்டர் எழுதறியா?" என்பாய். அதனால் அந்த வார்த்தையை விட்டுவிட்டேன்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நம்ம பிளாக் குடியிருப்போர் கூட்டம். உன் படத்தை வைத்து, உன்னைப் பற்றி ஆளுக்கு நாலு வார்த்தை பேசுவதாக முடிவு பண்ணியிருக்கிறார்கள். "பக்கத்து வீட்டுக்காரங்க நீங்க. எழுதிக் கொண்டுவந்து படிச்சிடுங்க பாத்திமாம்மா" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். மூன்று நாளாக எழுதுகிறேன், கிழிக்கிறேன்.

எழுத விஷயமா இல்லை? தெருவிளக்கு எரியவில்லையா, சாக்கடை அடைத்துக்கொண்டதா, குப்பை எடுக்க வண்டி வரவில்லையா, முதலில் மனு எழுதுகிறவள் நீதான். கம்மாபுரம் பக்கம் பிறந்து, எட்டாவதோடு நின்று, கல்யாணமாகி இந்த குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். சைக்கிளை மிதித்துக்கொண்டு டவுன்ஷிப் ஆபீசுக்குப் போய்விடுவாய். "நாம சொல்லாங்காட்டி அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? அவங்க இன்னா ஜோசியமா பாத்துக்கினு இருக்காங்க?" என்பாய். நான் பண்ருட்டிக் கடைத்தெருவில் வளர்ந்தவள், பி.ஏ. படித்தவள். உன் மனுவில் ஒரு கையெழுத்து கேட்டால்கூட "நமக்கெதுக்குக்கா வம்பு" என்று உள்ளே போய்விடுவேன்.

இதையெல்லாம் எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் அதை மட்டும் படித்தால் நான் பொய் சொன்னவள் ஆவேன். அதனால் நடந்ததை எழுதுகிறேன். இதில் பாதி உனக்குத் தெரியாது. மீதி உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. வேலு அண்ணனுக்கு மைன்ஸில் முதல் ஷிஃப்ட், விடியக்காலையே நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டார். உன் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்பதும் உன்னை அக்கா என்பதும் உனக்குப் பெரிய வேடிக்கை. "ரெண்டு பேரையும் இப்பிடிக் கூப்ட்டா எங்க கல்யாணம் இன்னாடி ஆவறது?" என்று கேட்பாய்.

பத்து மணி இருக்கும். உன் வீட்டுப் பின்பக்கம் வாளி உருண்ட சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் குழாயடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். முகமெல்லாம் வியர்வை. "நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்துகினு இருக்காப்பல இருக்குடி" என்றாய். ஓடிவந்து உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். பிளாக் நம்பர் சொன்னேன், செண்பகம் தெரு என்றேன், உன் குவார்ட்டர்ஸ் நம்பர் சொன்னேன். தெளிவாகத்தான் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் சைரன் கேட்டது. மெயின் ரோட்டில், நம்ம தெருமுனைக்குப் பக்கத்திலேயே. "வந்திடுச்சிக்கா" என்றேன். சத்தம் தாண்டிப் போயிற்று. திரும்பி வந்தது. மறுபடியும் தாண்டிப் போயிற்று.

"எங்கடி போறான் அவன்?" என்றாய். அதற்கப்புறம் நீ ஒன்றும் பேசவில்லை.

உன் தலையைத் தரையில் வைத்துவிட்டு முனைக்கு ஓடியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்குக் கால் வரவில்லை. வாய் மட்டும்தான் இருந்தது. கத்தினேன். ஆம்பளைங்க ஷிஃப்டில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், தெருவில் ஒரு ஆள் இல்லை. கடைசியில் கீரை விற்கிற அம்மாதான் கையைக் காட்டி வண்டியை உள்ளே அனுப்பினார். வண்டிக்காரர்கள் உன்னைத் தூக்கும்போது உன் விரல் என் முந்தானையைப் பிடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க உள்ளே போன டாக்டர் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஹார்ட் அட்டாக், யார் என்ன செய்ய முடியும் என்றார்கள். நானும் அதையேதான் சொன்னேன். உன் மகள் பெங்களூரிலிருந்து வந்து, காரியம் முடித்துத் திரும்பிப் போனாள். வேலு அண்ணன் வேலைக்குப் போக ஆரம்பித்தார். மத்தியானச் சாப்பாட்டைத் தினமும் கேரியரில் போட்டுக் கொடுத்தேன். வாசலிலேயே நின்று வாங்கிக்கொள்வார், உள்ளே வரமாட்டார். துக்கத்தில் இருக்கிற மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாசம் கழித்து மாமியாரின் முட்டிவலிக்கு ஆஸ்பத்திரி போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஒருத்தர் வந்து நின்றார். "நீங்க செண்பகம் தெரு கேஸ்ல கூட வந்தவங்கதானம்மா?" என்று கேட்டார். அந்த வண்டி டிரைவர்.

"அவங்களை நெனச்சா இப்பவும் மனசு கேக்கலம்மா" என்றார். "அந்தப் பக்கத்துக்கு நான் புதுசு. எல்லாத் தெருவுக்கும் பலகை இருந்திச்சி, உங்க தெருவுக்கு மட்டும் இல்ல. ரெண்டு தடவை தாண்டிப் போயிட்டேன்."

"பலகை இருக்கே" என்றேன். "எங்க வீட்டு வேலி ஓரமாத்தானே இருக்கு."

"முனை வீடா? காகிதப்பூ வீடா உங்களுது?" அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "பக்கத்துல காகிதப்பூ வீடுன்னு போன்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா நேரா வந்திருப்பேனேம்மா. ரோடு பூராவும் அதான் தெரிஞ்சிது."

மாமியாரை எப்படி வீட்டுக்குக் கூட்டிவந்தேன் என்று நினைவில்லை. அவரை உள்ளே விட்டுவிட்டு மெயின் ரோட்டுக்குப் போய் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். அக்கா, அங்கே பலகையே இல்லை. என் வேலியிலிருந்து ரோட்டு விளிம்பு வரைக்கும் ஒரே ரோஜா நிறம். அதற்குள்ளே ஒரு பலகை இருக்கிறது என்று சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்பமாட்டார்கள். பத்து வருஷமாக அந்த ரோட்டில் போய் வந்திருக்கிறேன். திரும்ப வேண்டிய இடம் தெரிந்தவள் பலகையை எதற்குப் பார்க்கப் போகிறாள்?

கத்தி எடுக்கக்கூடப் பொறுமை இல்லை. கையாலேயே பிய்த்தேன். முள் கிழித்து முழங்கை வரை ரத்தம். கொடியை விலக்கினதும் பலகை வெளியே வந்தது. மற்ற தெருக்களின் பலகையெல்லாம் வெளுத்துப் போயிருக்கும். நம்ம தெருப் பலகை மட்டும் நேற்று எழுதினமாதிரி பளிச்சென்று இருந்தது. வெயில் மழை படாமல் என் கொடி அதைக் காப்பாற்றி வைத்திருந்தது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாளே டாக்டரிடம் போய்க் கேட்டேன். "பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தா பொழைச்சிருப்பாங்களா?" "சொல்ல முடியாதும்மா" என்றார். அந்த வார்த்தையைத்தான் வைத்துக்கொண்டு இருக்கிறேன். பிழைத்திருப்பாய் என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேனா? பிழைத்திருக்க மாட்டாய் என்றால் நம்பியிருப்பேனா?

அன்றைக்கு மத்தியானம் கேரியரைக் கொடுக்கும்போது வேலு அண்ணனிடம் சொன்னேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அண்ணே, அன்னைக்கு வண்டி லேட்டானது என்னாலதான்" என்றேன்.

அவர் கேரியரைக் கீழே வைத்தார். "தெரியும்மா" என்றார்.

"எப்பத்தில இருந்துண்ணே?"

"அன்னைக்கே. பலகையே இல்லன்னு ஆஸ்பத்திரியிலயே டிரைவரு சொன்னான். வூட்டுக்கு வந்து நானே ரோட்டுல நின்னு பாத்தேன்."

இரண்டு மாசம், அக்கா. இரண்டு மாசமாக அதைத் தெரிந்துகொண்டு என் கைச் சோற்றைச் சாப்பிட்டிருக்கிறார்.

"ஏண்ணே எங்கிட்ட சொல்லல?"

"இன்னா சொல்றது? காரியம் முடிஞ்ச அன்னிக்கி அருவாள எடுத்துக்கினு உன் வேலிகிட்ட வந்தேன். வேரோட வெட்டிப் போட்டுட்டு, உன்னையும் நாலு கேள்வி கேக்கணும்னுதான் வந்தேன். நீ உள்ள அழுதுகினு இருந்த. சத்தம் ரோடு வரைக்கும் கேட்டுது. திரும்பிட்டேன்." குனிந்து கேரியரைப் பார்த்தபடி, "உன் மொவத்த இன்னும் என்னால நேரா பாக்க முடியலம்மா. ஆனா கடைசியில அவ தல உன் மடியிலதான இருந்திச்சி. அதையும் நெனைக்கிறேன்" என்றார். கேரியரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்கடுத்த வாரம் முதல் தடவையாகக் குடியிருப்போர் கூட்டத்துக்குப் போனேன். என் கொடிதான் பலகையை மறைத்தது என்று எழுந்து சொன்னேன். யாரும் திட்டவில்லை. ஆளுக்காள் தங்கள் வீட்டை நினைத்துக்கொண்டது முகத்தில் தெரிந்தது. "எங்க வீட்டு நம்பரே அழிஞ்சிபோய் ரெண்டு வருஷமாவுது" என்றார் பின் தெரு ஜேம்ஸ் சார், ஸ்கூல் வாத்தியார். அந்த வாரமே கிளம்பிவிட்டோம். ஏணியை ஜேம்ஸ் சார் பிடித்துக்கொண்டார், நான் பெயிண்ட் டப்பாவோடு ஏறினேன். அழிந்துபோன நம்பரையெல்லாம் எழுதினோம். மறைந்த பலகை, உடைந்த பலகை எல்லாவற்றையும் எழுதி ஆபீசுக்கு மனு கொண்டுபோனேன். வாங்கின அதிகாரி படித்துவிட்டு, "இந்த மாதிரி எழுதிக்கொடுக்க ஒரு அம்மா வருவாங்களே, அவங்க வரலியா?" என்றார்.

இன்னொன்றும் செய்தோம். யார் வீட்டுக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட்டாலும் பிளாக் வாட்ஸ்அப் குரூப்பில் தெரு பேர் போட வேண்டும். அந்தத் தெருவில் வீட்டில் இருக்கிற யாராவது ஒருத்தர் முனைக்கு ஓடிப்போய்க் கையைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவ்வளவுதான். எல்லாரும் பேர் கொடுத்தார்கள். வேலு அண்ணனும் இரண்டாம் ஷிஃப்ட் வாரங்களில் காலை நேரத்துக்குத் தன் பேரைக் கொடுத்தார்.

கார்த்திகை மழையில் நம்ம தெருக் கடைசி வீட்டுக் கல்யாணியைப் பாம்பு கடித்துவிட்டது. கொல்லையில் விறகு எடுக்கப் போனவள். குரூப்பில் பார்த்ததும் முனைக்கு ஓடினேன். எனக்கு முன்னால் வேலு அண்ணன் முனையில் நின்று, துண்டைத் தலைக்கு மேலே வீசிக்கொண்டிருந்தார். அவர் இருக்கிறாரே என்று நான் கல்யாணியிடம் ஓடினேன். வண்டி வந்தது, திரும்பியது, நின்றது, ஏற்றியது, போயிற்று. கல்யாணி அப்புறம் பிழைத்துக்கொண்டாள். வண்டி முனை திரும்பினதுமே தெருவே கை தட்டியது.

என்னால் தட்ட முடியவில்லை. இவ்வளவு சீக்கிரம் வருமா அக்கா? எனக்குத் தெரியாதே! நான் அவளுடைய முந்தானையைச் சரிபண்ணி முடிக்கவில்லை, அதற்குள் வண்டி வாசலில் நின்றது. இதுதான் கணக்கு என்றால் அன்றைக்கு நீயும் நானும் எவ்வளவு நேரம் அந்தக் குழாயடியில் உட்கார்ந்திருந்தோம்? வேலு அண்ணனைப் பார்த்தேன். அவரும் துண்டைக் கையில் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் அதைத்தான் நினைத்தார்.

இதுவரைக்கும் எழுதினதில் பெரும்பாலும் ஊருக்குத் தெரியும். இனிமேல் எழுதுவது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது.

எல்லாரும் நான் கவனிக்காமல் இருந்துவிட்டேன் என்று நினைக்கிறார்கள். "யாருக்கும் வர்றதுதான், தெரிஞ்சா செய்வீங்க?" என்று ஆறுதல் சொல்கிறார்கள். நான் தலையாட்டிக்கொண்டு இருக்கிறேன். ஆனால் எனக்குத் தெரியும். நீ வாய்விட்டு இரண்டு தடவை சொன்னாய். "கொடிய கொஞ்சம் வெட்டுடி, பலகையே தெரியல" என்றாய். நான் சிரித்து மழுப்பினேன், ரோட்டுக்குப் போய் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நீ போவதற்கு மூன்று வாரம் முன்னால், தோட்ட வேலைக்காரர்கள் இரண்டு பேர் கத்தரியோடு என் வாசலுக்கு வந்தார்கள். "கொடிய வெட்டச் சொல்லி எழுதிக் குடுத்திருக்காங்கம்மா" என்று காகிதத்தைக் காட்டினார்கள். உன் கையெழுத்து. 'தெருப் பெயர்ப் பலகையை மறைத்துள்ளது' என்று எழுதியிருந்தாய். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! என் வீட்டுப் பூவைப் பற்றி, எங்கிட்ட சொல்லாமல் ஆபீசில் போய் எழுதிக்கொடுத்திருக்கிறாளே என்று கொதித்தேன். "என் செடி. நான் பாத்துக்கறேன். நீங்க போங்க" என்று அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

உன்னோடு ஒரு வாரம் பேசவில்லை. நீயாகத்தான் வேலிக்கு மேலே பலாச்சுளைக் கிண்ணத்தை நீட்டினாய். காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை அக்கா? தெருவிளக்குக்கு நாலு தடவை ஆபீசுக்கு நடப்பவள், இதற்கு மட்டும் ஏன் சும்மா இருந்தாய்? நான் மறுபடி பேசாமல் போய்விடுவேன் என்றா?

அன்றைக்குக் குழாயடியில், "எங்கடி போறான் அவன்?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டாயே. அப்போது உனக்குத் தெரிந்துவிட்டதா?

வேலு அண்ணனுக்கு இது தெரியாது. கூட்டத்தில் எல்லாருக்கும் நடுவில் அவர் இதை முதல் தடவையாகக் கேட்கக்கூடாது. அதனால் சனிக்கிழமை அவர் வேலை முடிந்து வந்ததும் தனியாகப் போய்ச் சொல்லப்போகிறேன். அருவாளோடு வந்த அன்றைக்குக் கேட்க நினைத்த நாலு கேள்வியையும் அவர் கேட்கட்டும். நான் உள்ளே ஓடமாட்டேன். என் வீட்டுச் சாப்பாடு இனி வேண்டாம் என்று அவர் சொன்னாலும் ஏற்றுக்கொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமை இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் படிப்பேன். குரல் அடைத்தால் தண்ணீர் குடித்துவிட்டு, நிறுத்தின வரியிலிருந்தே மறுபடி படிப்பேன். என்னைத் தேற்ற யாராவது எழுந்து வந்தால், உட்காரச் சொல்லிவிட்டு மீதியையும் படிப்பேன். சத்தியம் அக்கா.

அதற்கப்புறமும் உன்னை அக்கா என்று கூப்பிடும் உரிமையை விடாத,
உன் தங்கச்சி
பாத்திமா