காந்துற மருந்து

ஜூன் 3, 2024

குப்பிக்கு வெளியே காந்தத்தை வைத்தேன். நுண்ணிய இரும்புத் துகள்கள் மிதக்கும், சாயத் தேத்தண்ணி நிறத் திரவம் மெல்லச் சாய்ந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. எடுத்ததும் கலைந்தது. ஆய்வுகூடத்தில் யாரும் இல்லை, விளையாடிக்கொண்டே இருந்தேன்.

19ஆம் திகதி பல்கலைக்கழக ஆய்வுக் குழுவின் முன் பேச வேண்டும். அவர்கள் சரி என்றால்தான் புற்றுநோய்க் கட்டிக்கான இந்த மருந்து ஆய்வைத் தொடரலாம். வகுப்பில் பெயர் கேட்டால்கூடப் பக்கத்தில் இருந்தவளைச் சொல்லவிட்ட நான்!

ஜூன் 5

குட்ஷெட் பஸ் நிலையத்தில் மழை. கொழும்பு பஸ் வளைந்து வந்ததும் நின்ற அத்தனை பேரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். போனதும் ஆளுக்கொரு திசை. என் இரும்புத் துகள்களும் இப்படித்தான். காந்தம் இருக்கும்வரை ஒரே முகம். எடுத்தால் எதுவுமே நடவாததுபோல். அந்த மறதி இல்லாவிட்டால் உடம்பில் ஏற்றியபின் ஒன்றையொன்று இழுத்துத் திரண்டு இரத்தக் குழாயை அடைத்துவிடும்.

மறதியும் மருந்துதானா? யோசித்தபடியே நனைந்தேன். குடை கையிலேயே இருந்தது.

ஜூன் 8, சனி

வீடு. தெல்தெனியவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள், எங்கள் லயம். இங்கே பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்.

"எம் மக காந்துற மருந்து செய்யுறான்னு பக்கத்து வீட்டு ரத்தினம்மாகிட்ட சொல்லிட்டேன்," என்றார் அம்மா, பெருமையாக.

"காந்துறது இல்லம்மா. காந்தம்."

"ரெண்டும் ஒண்ணுதானேடி? புண்ணுல மருந்து போட்டா காந்தலையா?"

கோபப்பட்டேன். ஏன்? இவ்வளவு படிச்சும் அம்மாவுக்கு ஒரு வரி ஒழுங்கா சொல்லத் தெரியலயே எனக்கு.

ஜூன் 18

ஆய்வுகூடத்தில் பக்கத்து மேசை ஸனா, நாளைய குழுவைப் பற்றி: "அவங்க ஒன்ன திங்கவா போறாங்க? சும்மா பேசு புள்ள."

ஜூன் 19

பாதிவரை நன்றாகப் போனது. பிறகு ஆங்கிலத்தில் ஒரு கேள்வி: சிகிச்சையின்போது நோயாளிக்கு உள்ளே எப்படி இருக்கும்? அவ்வளவுதான் — தெரிந்த ஆங்கிலமெல்லாம் எங்கோ போய்விட்டது.

குழுவில் இருந்த யாழ்ப்பாணத்து வைத்தியர் சுந்தரலிங்கம், "தமிழில சொல்லுங்கோ பிள்ளை. மற்றவைக்கு நான் சொல்லுறன்," என்றார்.

"கட்டி இருக்கிற எடத்துல மட்டும் காந்தும் சேர்."

ஐயோ. லயத்துத் தமிழ் அப்படியே வந்துவிட்டது.

"காந்தும் எண்டா?"

"சூடு... உள்ளுக்குள்ள எரியிற மாதிரி. வெளியில காந்தத்தோட திசைய வேக வேகமா மாத்துனா துகள் சூடாகும். கட்டி அதத் தாங்காது. நிப்பாட்டுனா காந்தாது."

"காந்தம் காந்தும்! ஓம், நல்லாய்த்தான் இருக்கு." அவர் சிரித்துவிட்டு மற்றவர்களுக்குச் சொன்னார். அடுத்த கேள்வியைத் தமிழில் சொல்ல அவர் என் பக்கம் திரும்புவதற்குள் நானே ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முடிவு இன்னும் சொல்லவில்லை. ஹந்தானையில் மேகம் இறங்கி மலையைக் காணோம்.

செப்டம்பர் 2

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு, குழு சரி என்ற என் ஆய்வைக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். பின்னால் நின்ற ஒருத்தி ஏதோ கேட்க வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். மற்றவர்கள் அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். நான் ஜன்னலைப் பார்த்தபடி நின்றேன், அவளுக்குச் சொல் வரும்வரை.