மாமனார் படத்தைத் திருப்பி வைத்த காலை

இன்று காலை கொழிஞ்சாம்பாறையில் ஒரு வீட்டு ஜன்னலில், வெயிலை மட்டுப்படுத்த வேட்டி கட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளை வேட்டி, புதிதாகக் கஞ்சி போட்டது. பத்து மணி வெயில் பட்டுச் சூடேறியதும் அந்தக் கஞ்சி வாசனை அறை முழுக்க எழுந்தது. துணிக் கிளிப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். படம் எடுத்துக்கொள்ளக் கட்டிலில் உட்கார்ந்திருந்த பெண், "ஏனுங்க்கா, என்னாச்சுங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல கண்ணு, ஒரு சிநேகிதி ஞாபகம்" என்றேன். உன்னைப் பற்றி அவளிடம் சொல்ல ஆரம்பித்தால் நல்ல வெளிச்சம் போய்விடும். அதனால் வேலையை முடித்துக்கொண்டு வந்து உன்னிடமே சொல்கிறேன்.

நீ சண்டை போட்டுக்கொண்டுதான் என் ஸ்டுடியோவுக்குள் வந்தாய். ரேஷன் கார்டுக்காக நான் எடுத்துக் கொடுத்த படத்தை மேசைமேல் போட்டு, "ஏம்புள்ள, இது ஆரு?" என்றாய்.

"நீதான்."

"நானா? கோழி களவாண்டு மாட்டிக்கிட்டவளாட்ட இருக்குது. இதையப் பாத்து எவன் அரிசி போடுவான்?"

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். மரியாதை எல்லாம் நமக்குள் என்றைக்கு இருந்தது? கார்டுப் படத்தில் எல்லாரும் அப்படித்தான் இருப்பார்கள் என்று நானும் எகிறினேன். அப்போதுதான் உன் கல்யாண ஆல்பத்தைப் பற்றிச் சொன்னாய். கல்யாணப் பெண் நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று உன் சித்தி ஒருத்தி பக்கத்திலேயே நின்று உன் கழுத்தை அமுக்கிக்கொண்டே இருந்தாளாம். அத்தனை படத்திலும் வகிடும் நெற்றிச்சுட்டியும்தான். "என்ர கல்யாணத்துல என்ர மூஞ்சிய நானே பாத்ததில்ல" என்றாய். அதற்குப் பிறகு எடுத்ததெல்லாம் யார் வீட்டு விசேஷத்திலோ, மூன்றாம் வரிசையில், யாருடைய தோளுக்கோ பின்னால். உனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. "அம்பது ஆகறதுக்குள்ள ஒரே ஒரு படம் எடுத்துக் குடு. நானே எடுத்து எடுத்துப் பாக்கற மாதிரி. ஊருக்கு வேண்டாம். எனக்கு" என்றபோது உன் குரலில் சண்டை போயிருந்தது.

பெண்கள் தங்கள் படுக்கையறையில், தங்களுக்காகவே எடுத்துக்கொள்ளும் படத்துக்கு ஏதோ பிரெஞ்சுப் பெயர் சொல்கிறார்கள். கொச்சியில் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கைப்பேசியில் பாடம் பார்த்துப் பார்த்து எனக்கும் கை அரித்துக்கொண்டிருந்தது. ஆனால் நம் ஊர் பெருமாட்டியில் யார் எனக்குப் படுக்கையறைக் கதவைத் திறப்பார்கள்? வாசலில் புதுச் செருப்பைக் கண்டாலே யார் வந்தது என்று கேட்கிற ஊர். நீ திறந்தாய். "செவ்வாக்கெழம வா. அவரு பொள்ளாச்சிச் சந்தைக்குப் போயிருவாரு" என்றாய். உன் வீட்டுக்காரரிடம் நீ சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்றுவிடுவாரோ என்று பயம்.

அந்த முதல் செவ்வாய்க்கிழமையை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. இருபது வருடம் கல்யாண வீட்டில் படம் எடுத்த புத்தி எங்கே போகும்? நம் ஊரில் படம் என்றால் பட்டு. உன்னை அரக்குப் பட்டு கட்டச் சொன்னேன், ஆரம் போடச் சொன்னேன், தலை நிறையப் பூ வைத்தேன். கோயமுத்தூரில் வாங்கிய வழவழப்பான விரிப்பைக் கட்டிலில் விரித்து அதன்மேல் உன்னைச் சாய்த்தேன். நீ பட்டுச் சேலையோடு வழுக்கிக்கொண்டு போய்க் கீழே உட்கார்ந்தாய். முகத்துக்கு நேராக ஃபிளாஷ் அடித்தேன், கேமராவைக் கீழிருந்து தூக்கிப் பிடித்தேன், கையை உடம்போடு ஒட்டி வைக்கச் சொன்னேன். முகம் தட்டையாகவும், தாடை இரண்டாகவும், கை தொடை பருமனுக்கும் தெரிய வேண்டுமானால் இந்த மூன்றும் போதும்.

மறுநாள் ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். "அழி" என்றாய். அடுத்தது. "அழி." அழித்துக்கொண்டே வந்தபோதுதான் ஒன்று கவனித்தேன். எல்லாப் படத்திலும் உன் இடது கை முந்தானையை இழுத்துப் பிடித்திருந்தது. கண் மட்டும் ஒரே மூலைக்கு ஓடியிருந்தது.

"அந்த மூலைல என்ன இருக்குது?"

நீ நாக்கைக் கடித்துக்கொண்டாய். "மாமா."

உன் மாமனாரின் படம். கிழக்கு ஜன்னல் இருக்கும் அந்தப் பெரிய அறை அவருடையது. அவர் காலமான பிறகு நீங்கள் அதற்கு மாறினீர்கள், மாலை போட்ட அவர் படம் மட்டும் மாறவில்லை. மாமனார் எதிரில் மருமகள் உட்கார மாட்டாள் என்பது நம் பக்கத்து வழக்கம். அவர் இருந்தவரை நீ அவர் முன்னால் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அப்படிப்பட்டவளை அவர் கண்ணெதிரே கட்டிலில் ஒய்யாரமாகச் சாய்ந்துகொள்ளச் சொல்லியிருக்கிறேன்!

"அப்ப தெனமும் அந்த ரூம்ல எப்புடித் தூங்கற?"

"அவருக்கு முதுகு காட்டிப் படுத்துக்குவேன். ஒம்பது வருசமா ஒரே பக்கந்தான்."

எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. நீ கோபித்துக்கொண்டு எழுந்து போனாய். வாசல்வரை போய்விட்டு நீயும் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தாய்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, ஆடிக்காற்று கணவாய் வழியாக இரைந்துகொண்டிருந்த காலை. முதலில் நீ நாற்காலி போட்டு ஏறினாய். படத்தைப் பார்த்துக் கைகூப்பி, "மாமா, ஒரு அரை மணி நேரம் அந்தப் பக்கம் பாத்துக்குங்க. தப்பா நெனைக்காதீங்க" என்று சொல்லி, அவரைச் சுவர் பார்க்கத் திருப்பி மாட்டினாய்.  அப்பாவைக் கும்பிடாமல் உன் வீட்டுக்காரர் எந்த நல்ல காரியத்துக்கும் காலெடுத்து வைக்க மாட்டார். "அவருக்குத் தெரிஞ்சா நான் செத்தேன்" என்றாய். ஆனாலும் பழையபடி மாட்டிவிடுகிறேன் என்று சொல்லவில்லை.

வெயில் நேராக விழுந்ததால் ஜன்னலுக்கு உன் வீட்டுக்காரரின் வேட்டியைக் கட்டினேன். முதலில் எடுத்தது பச்சைக் கரை வேட்டி. உன் கன்னத்தில் பச்சையாக ஒரு கோடு விழுந்தது. அதை அவிழ்த்துவிட்டுக் கரையில்லாத ஒன்றைத் தேடிக் கட்டியதும் அறை முழுக்க வெளிச்சம் பால்நிறத்தில் இறங்கியது. "பட்டு வேண்டாம், உனக்கு எது சௌரியமோ அதைப் போடு" என்றேன். நீ கொடியிலிருந்து எடுத்து வந்தது அவருடைய கட்டம் போட்ட பழைய முழுக்கைச் சட்டை. தோப்பில் வேலை செய்யும்போது சேலைக்கு மேலே போட்டுக்கொள்வாயே, அது. இந்த முறை சேலை இல்லாமல், உள்பாவாடைக்கு மேலே போட்டுக்கொண்டாய். முடியை அவிழ்த்துவிட்டாய்.

பாடத்தில் கற்றதை எல்லாம் அன்றைக்குத்தான் சரியாகச் செய்தேன். கேமராவை உன் கண்ணுக்குக் கொஞ்சம் மேலே பிடித்தேன். மூக்கை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னேன். தாடையை முன்னால் நீட்டி, ஒரு விரற்கடை இறக்கச் சொன்னேன். "ஆமையாட்ட இருக்குது" என்று நீ திட்டினாய். ஆனால் கேமராவில் கழுத்து நீளமாக, அழகாக விழுந்தது. முழங்கையை உடம்பிலிருந்து விலக்கி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, ஒரு காலை மடக்கி வைத்தோம். மூச்சை உள்ளே பிடித்துக்கொண்டிருந்தாய். "உடு, மூச்ச உடு" என்றேன். விட்டதும் தோள் தானாக இறங்கியது. எல்லாம் சரியாக இருந்தது. முகத்தில் மட்டும் இன்னும் அந்த ரேஷன் கார்டுக்காரி உட்கார்ந்திருந்தாள்.

அப்போது வாசலில் வண்டி நின்ற சத்தம். உன் வீட்டுக்காரர் கொண்டுபோன மாடு சந்தையில் சீக்கிரம் விலைபோய்விட்டதாம். நீ கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சட்டைப் பட்டனைத் தப்பும் தவறுமாகப் போடுவதற்குள் அவர் அறைக்குள் வந்துவிட்டார். ஜன்னலில் தன் வேட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் சுவரைப் பார்த்தார். அங்கே அவர் அப்பா படத்தின் முதுகுப்பலகையும் ஆணியும் கயிறும் தெரிந்தன. மாலை மட்டும் இந்தப் பக்கம் தொங்கியது.

"அப்பனை எதுக்குத் திருப்பி வெச்சிருக்கறீங்க?"

 இனி என்னை இந்த வீட்டுக்குள் மட்டுமல்ல, எந்த வீட்டுக்குள்ளும் விடமாட்டார்கள் என்று நினைத்தேன். நீதான் மெதுவாகச் சொன்னாய்: "அவரு முன்னால நான் எப்புடீங்க படுக்கறது?"

 அவர் உன்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதுஞ் செரிதான்" என்றார். அப்புறம், "அது என்ர சட்டையாட்ட இருக்குது" என்றார்.

நீ சிரித்தாய். பின்னால் சாய்ந்து, கழுத்தெல்லாம் தெரிய, வாய்விட்டுச் சிரித்தாய். என் விரல் தானாக அழுத்தியது. அதுதான் அந்தப் படம்.

பிறகு உன் வீட்டுக்காரர் போகவே இல்லையே! தாடைக்குக் கீழே நிழல் விழுகிறது என்றேன். ஃபிரிட்ஜ் வந்த பெட்டியிலிருந்து தெர்மாகோல் அட்டையைக் கொண்டுவந்து, நான் காட்டிய இடத்தில் வெளிச்சத்தைத் திருப்பி அடித்துக்கொண்டு நின்றார். "அம்மிணி, இன்னுங் கொஞ்சம் எறக்கட்டுமா?" என்று கேட்டுக் கேட்டுப் பிடித்தார். பெரியவரைத் திரும்ப மாற்ற மூவரும் மறந்துபோனோம். நாலு நாள் கழித்து அமாவாசைக்குச் சந்தனம் வைக்கப் போனபோதுதான் உன் வீட்டுக்காரருக்கு நினைவு வந்ததாம்.

ஸ்டுடியோவில் நீ அந்தப் படத்தை அழி என்று சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாய். திரையை ஒருமுறை தொட்டாய். "நான் நல்லாத்தான் இருக்கறேன் புள்ள" என்றாய். எனக்கு ஒரே சந்தோஷமாக இருந்தது. வெளியே போய் இரண்டு பேருக்கும் டீ வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு இந்த மாதிரிப் படத்துக்கு நான் யாரையும் தேடிப் போகவில்லை. படத்தை ஒருவருக்கும் காட்டாமலே எத்தனை பெண்களிடம் சொன்னாய் நீ! புதிதாக ஒருத்தி வீட்டுக்குப் போனால் நீயும் கூடவே வந்து, நான் பையைத் திறப்பதற்குள் அறையை ஒரு சுற்றுப் பார்த்து, "முதல்ல செவுத்துல ஆரெல்லாம் இருக்கறாங்கன்னு பாரு" என்பாய். மாமனாரை, பெரிய அத்தையை, சில வீடுகளில் சாமியைக்கூட நீயே கும்பிட்டுத் திருப்பி வைப்பாய். இன்றைக்கும் நான் லென்ஸைத் துடைப்பதற்கு முன் சுவரைத்தான் பார்க்கிறேன்.

போன மார்கழியில் நீ போய்விட்டாய். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. ஐம்பத்தொரு வயது ஒரு வயதா? இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

காரியத்துக்கு நாலு நாள் முன்னால் உன் வீட்டுக்காரர் ஸ்டுடியோவுக்கு வந்தார். மாலை போடப் படம் வேண்டும். உறவுக்காரர்கள் ரேஷன் கார்டுப் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்தார்களாம். "அதைய மாட்டுனா அவ என்னையச் சும்மா உடுவாளா அம்மிணி? அன்னைக்கு எடுத்ததக் குடு" என்றார். ஊருக்கு வேண்டாம், எனக்கு என்று நீ சொன்னது காதிலேயே நின்றது. இரண்டு நாள் கையே வரவில்லை. மூன்றாம் நாள் படத்தைத் திறந்து, கழுத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லாதபடி வெட்டினேன். முகமும் சிரிப்பும் மட்டும் ஊருக்கு. கோபித்துக்கொள்ளாதே, அதைவிட உன் நல்ல முகம் வேறெதிலும் இல்லை.

காரியத்தன்று வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் எல்லாரும் உன் படத்தின் முன்னால் நின்று நின்று போனார்கள். எந்தக் கல்யாணத்தில் எடுத்தது என்று கேட்டார்கள். உங்கள் பங்காளி வகையில் ஒரு பெரியவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பாருங்க, எத்தன அடக்கமான மொகம்! இந்தக் காலத்துப் பொண்ணுக இதையப் பாத்துக் கத்துக்கோணும்" என்றார். நான் உன் வீட்டுக்காரரைப் பார்த்துத் தொலைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் எழுந்து போனார். அழுகிறார் என்று எல்லாரும் வழிவிட்டார்கள். நானும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பின்னாலேயே போனேன். மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் நின்று, சத்தம் வராமல், வயிறு வலிக்கச் சிரித்தோம். எப்போது அழத் தொடங்கினோம் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

மீதிப் படம் என்னிடம் இருக்கிறது. பட்டன் மாறிப் போட்ட சட்டை, கட்டிலுக்கு வெளியே தொங்கும் ஒரு கால், அதில் தோப்புச் சேறு காய்ந்த கட்டைவிரல். யார் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வேன்.